பனியில்லாத ஊரில் ஒரு குட்டிக்கரணம்

பனிச்சறுக்குப் பலகையோடு பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட ஆசைப்பட்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் போனேன். போனது கோடைக்காலம். மருந்துக்கும் பனி இல்லை!

சால்ட் லேக் சிட்டியிலிருந்து காரில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் பார்க் சிட்டி. 2002 குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கட்டிய பூங்காவில், பிளாஸ்டிக் விரித்த சரிவுகள் ஒரு குளத்தின்மேல் போய் முடிகின்றன. விழுபவருக்கு அடி பலமாகப் படாமலிருக்கக் குளத்தின் அடியிலிருந்து காற்றுக்குமிழிகளைப் பொங்கவிடுகிறார்கள்.

முதலில் டிராம்போலின். அங்கே ஒழுங்காகச் சுழலாதவரைச் சரிவுப் பக்கமே விடமாட்டார்கள். எனக்கு மூன்று நாள் பிடித்தது.

பிறகு ரப்பர் உடை, மிதவைச் சட்டை, தலைக்கவசம், கனத்த பூட்ஸ், தோளில் பலகைகள். 2,000 மீட்டர் உயரத்து ஊரில் படியேறவே மூச்சு வாங்கியது.

முதல் முறை, விளிம்பை எட்டுமுன்பே தலையைப் பின்னால் சாய்த்துவிட்டேன். உயரம் கிடைக்கவில்லை, முதுகில் தண்ணீர் பளாரென்று அறைந்தது. அடுத்த முறை உச்சிவரை ஏறி, குதிக்காமலே இறங்கிவந்தேன். 36 வயதில் இது தேவையா?

“விளிம்புவரை நிமிர்ந்தே நில்லுங்கள். கை மேலே போகட்டும். பிறகு தண்ணீரைத் தேடுங்கள்,” என்றார் பயிற்சியாளர்.

சாயங்காலம் மறுபடி ஏறினேன். வானம், மலை, தலைக்கு மேலே குளம். கால்தான் முதலில் இறங்கியது!

காணொளியைச் சிங்கப்பூரிலுள்ள அம்மாவுக்கு அனுப்பினேன். “தண்ணியில குதிக்கவா இவ்வளவு வெள்ளி செலவு பண்ணிப் போன? நம்ம வீட்டுக்குப் பக்கத்துலயே நீச்சல் குளம் இருக்கேப்பா!”

டிசம்பரில் பனியில் போடப்போவதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.