மோட்டார் ஓடுகிறது... தண்ணீர் வருகிறதா?

தஞ்சாவூர்ச் சீமையில் காலையில் செய்தித்தாளை விரித்ததும் பலருடைய கண் முதலில் போவது மேட்டூர் அணையின் நீர்மட்டத்துக்குத்தான். 120 அடிக்கு எத்தனை அடி இருக்கிறது, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்பது டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அணையை இப்படி 1934-லிருந்து தினமும் கண்காணித்து வருகிற ஊர் இது. ஆனால் வீட்டிலிருந்து அரை மைல் தூரத்தில், தன் சொந்தக் கொல்லையில் இருக்கும் மோட்டார் இந்த நிமிடம் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று கேட்டால், நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை சமீப காலம் வரை இருந்தது.

அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதை 2024-ம் ஆண்டு குறுவை காட்டியது. வழக்கமான ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. ஜூலை 28-ல்தான் தண்ணீர் விட்டார்கள். அதுவரை நட்டு வளர்த்தவர்கள் எல்லோரும் நிலத்தடி நீரை நம்பியவர்கள். களிமண் வயல் ஒருமுறை காய்ந்து வெடித்துவிட்டால், அடுத்து விடுகிற தண்ணீர் பயிருக்குப் போவதற்கு முன்னால் வெடிப்புக்குள் இறங்கிவிடும். காயில் எரிந்து மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனால் திரும்பி வர இரண்டு மூன்று நாள் ஆகும். எல்லோருடைய மோட்டாரும் ஓடுகிற பருவத்தில் கடையில் வரிசையும் நீளம்.

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் போகிறவர்கள் கல்லணைக் கால்வாயைப் பார்க்கலாம். ஊர்க்காரர்களுக்கு அது புது ஆறு. மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த பாசனம் என்பதால், வயது நூறை எட்டும் நிலையிலும் பெயரில் புதுசு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பகுதியில் நெல்லுக்கு நடுவே தென்னை, கரும்பு, கடலை என்று மேட்டு நிலப் பயிர்களும் உண்டு. ஆழ்துளைக் கிணறும் அதில் இறக்கிய நீர்மூழ்கி மோட்டாரும்தான் இங்கே துணை. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வரப்பில் இரவில் நடந்தவர்கள் ஏராளம். வரப்பில் கண்ணாடி விரியன் கிடக்கும். ஈரக்கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடும் ஆபத்து அதைவிடப் பெரியது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ஆட்டோ ஸ்விட்ச். மூன்று பேஸும் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். நடை மிச்சமானது. ஆனால் ஒரு டிரான்ஸ்பார்மரில் இருக்கும் எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் எழுந்தால் வோல்டேஜ் படுத்துவிடும். வயல் நிரம்பிய பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டோ ஸ்விட்சுக்குத் தாமதம் வைக்கத் தெரியும், வயலைப் பார்க்கத் தெரியாது.

இப்போது பம்ப் கொட்டகைகளில் காணப்படும் சிறிய பெட்டி, மொபைல் ஸ்டார்ட்டர். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். போன் செய்தாலோ குறுஞ்செய்தி அனுப்பினாலோ மோட்டார் ஓடும், நிற்கும். மின்சாரம் வந்தால், போனால், தகவல் சொல்லும். இந்தியாவில் இதை முதலில் பெயர் சொல்லும்படி செய்தவர்களில் ஒருவர் புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால். தன் தாத்தா மோட்டார் போட நடந்த நடையைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. அவருடைய 'நானோ கணேஷ்' கருவி 2009-ல் நோக்கியா நிறுவனம் நடத்திய போட்டியில் பரிசு பெற்றது. இன்று பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "வீட்டிலிருந்தே மோட்டார் போடலாமா?" என்றுதான். கேட்க வேண்டியது வேறு. பெட்டி ஆம்ப்ஸ் காட்டுமா?

காரணம் எளிது. 5 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் சுமார் 7 முதல் 8 ஆம்ப்ஸ் எடுக்கும். தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றினால் அது நன்றாகக் குறைந்துவிடும். ஒரு பேஸ் அறுந்தால் மற்ற இரண்டு வயரிலும் ஒன்றே முக்கால் மடங்கு வரை ஏறும். காயில் கருகுவது அப்போதுதான். பேரிங் இறுகினாலும் மணல் அடைத்தாலும் ஆம்ப்ஸ் மெல்ல மெல்ல ஏறும். வயரைச் சுற்றி மாட்டிய சிறு வளையம் இதை அளந்து, அளவு தப்பினால் மோட்டாரை நிறுத்தி, போனுக்கும் சொல்லிவிடுகிறது. போன் செய்து மோட்டார் போடுவது சௌகரியம். மோட்டாரைக் காப்பாற்றுவது இந்த வளையம்தான். விலை குறைந்த சில பெட்டிகளில் வளையம் இருக்காது, அல்லது ஒரு பேஸுக்கு மட்டும் இருக்கும். அதை வாங்குவதில் அர்த்தம் குறைவு.

வடக்கே திருவையாறு, பாபநாசம், கும்பகோணம் பக்கம் வந்தால் இதே பெட்டி வேறு விதமாக நடந்துகொள்ளும். காவிரியும் குடமுருட்டியும் அரசலாறும் ஓடுகிற இந்த மண்ணில் நீர் மேலாக இருக்கும். அதனால் ஃபில்டர் பாயிண்ட் போட்டு, மேலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். இந்தப் பம்புக்கு வயிற்றில் தண்ணீர் நிற்க வேண்டும். வால்வு கொஞ்சம் கசிந்தாலும் குழாயில் காற்று புகுந்துவிடும். குடத்தால் தண்ணீர் ஊற்றித்தான் மறுபடி எடுக்க முடியும். வீட்டில் இருந்து போன் செய்தால் மோட்டார் 'ஆன்' என்று பதில் வரும். குழாயில் ஒரு சொட்டு வராது. அரை மணி நேரத்தில் சீல் போய்விடும். ஆகவே ஃபில்டர் பாயிண்ட் வைத்திருப்பவர்கள் முதலில் செலவு செய்ய வேண்டியது வால்வுக்கு. பெட்டி அதற்குப் பிறகு.

ஊர் ஊராகச் சென்று பழுது பார்க்கும் மெக்கானிக்குக்கும் இந்தப் பெட்டி உதவும். பல கருவிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைப் பதியலாம். மெக்கானிக்கின் எண்ணையும் சேர்த்துவிட்டால் அவரும் ஆம்ப்ஸைப் பார்க்கலாம். "அண்ணே, மூணு பேஸும் இருக்கு, ஆம்ப்ஸ்தான் ஏறல. தண்ணி இறங்கியிருக்கும். மோட்டார உருவ வேணாம், ஒரு மணி நேரம் விட்டுப் போட்டுப் பாருங்க" என்று அவர் கடையிலிருந்தே சொன்னால், நீர்மூழ்கி மோட்டாரைக் குழாயோடு தூக்கி இறக்கும் ஒருநாள் கூலி மிச்சம். நேரில் வர வேண்டியிருந்தாலும் என்ன சாமானோடு வருவது என்று தெரிந்து வருவார்.

ஒரு எச்சரிக்கை. யாராவது பம்பில் கை வைத்து வேலை செய்யும்போது, வீட்டில் இருப்பவர் தெரியாமல் போன் செய்துவிட்டால் மோட்டார் சுற்ற ஆரம்பித்துவிடும். கருவியை நிறுத்தினால் போதாது. மெயின் ஸ்விட்சை இறக்கி, ஃப்யூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் வேலையைத் தொட வேண்டும். எர்த் கம்பி சரியாக இல்லாத கொட்டகையில் இந்தப் பெட்டியை மாட்டவே கூடாது.

சிம் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். விலை குறைந்த கருவிகள் பல இன்னும் 2ஜியில் இயங்குபவை. 4ஜி மட்டுமே தருகிற நிறுவனத்தின் சிம் அதில் எடுக்காது. வாங்குவதற்கு முன் கொட்டகைக்குள் நின்று, எந்த கம்பெனிக்கு சிக்னல் கிடைக்கிறது என்று பார்ப்பது நல்லது. ரீசார்ஜ் முடிந்த தேதியை மறந்தால் பெட்டி ஊமையாகிவிடும். மின்சாரம் போனதைச் சொல்ல வேண்டுமானால் உள்ளே பேட்டரியும் இருக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசின் வேளாண் பொறியியல் துறை இந்தக் கருவிக்கு மானியம் அறிவித்து வழங்கியிருக்கிறது. சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு 50 சதவிகிதம், அதிகபட்சம் 7,000 ரூபாய்; மற்றவர்களுக்கு 40 சதவிகிதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். நிதி ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், பக்கத்திலுள்ள உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம். பொருத்த வருகிறவரிடம், மோட்டார் நல்ல நிலையில் ஓடும்போது மூன்று பேஸிலும் எத்தனை ஆம்ப்ஸ் என்று பார்த்து, கொட்டகைச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பின்னால் வருகிற எந்தக் கணக்கையும் அந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டியிருக்கும்.