தடுப்பூசி ஃப்ரிட்ஜும் 3,15,360 வரிகளும்

1/ மக்களே, தியாகதுருகத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் டாக்டர் நான். இன்னிக்கு ஊசி பத்தி இல்லை, ஊசி மருந்து இருக்கும் ஃப்ரிட்ஜோட "லாக்" கோப்பு பத்தி. கம்ப்யூட்டர் தெரியாதவங்களும் படிங்க, உங்க குழந்தை சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

2/ தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள்ள இருக்கணும். அதிகமா சூடு பட்டா, பல குப்பிகள்ல இருக்கும் விவிஎம் லேபிள் நிறம் மாறிக் காட்டிக் கொடுத்துடும். ஆனா உறைஞ்சு போனா அந்த லேபிள் ஒண்ணும் சொல்லாது. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் மாதிரி மருந்துகள் ஒரு தடவை உறைஞ்சாலே கெட்டுப்போகும். குழந்தை ஊசி வலியில அழும், பாதுகாப்பு கிடைக்காது.

3/ அதனால ஃப்ரிட்ஜுக்குள்ள ஒரு டேட்டா லாகர். 5 நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதும். நாளைக்கு 288, வருஷத்துக்கு 1,05,120, மூணு வருஷத்துக்கு 3,15,360. மைனஸ் 0.5 டிகிரியிலோ அதுக்குக் கீழேயோ தொடர்ந்து 60 நிமிஷம் இருந்தா உறைபனி அலாரம். அதாவது மூணு லட்சம் வரிகள்ல அடுத்தடுத்து வரும் 12 வரி. கண்ணால தேட முடியுமா?

4/ தெரிஞ்ச தம்பி ஒருத்தர் பைதான்ல ஒரு குட்டி புரோகிராம் எழுதிக் கொடுத்தார். முதல் வருஷம் சில நிமிஷத்துல முடிஞ்சுது. மூணாவது வருஷம் அரை மணி நேரத்துக்கு மேல. கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடிச்சு இறங்கி வந்த அம்மா கைக்குழந்தையோட வெளியில உட்கார்ந்திருக்காங்க. மெதுவான கருவியோட ஆபத்து இதுதான்: "சாயந்திரம் பாத்துக்கலாம்"னு தோணும். ஊசி போட்ட பிறகு பார்த்து என்ன பிரயோஜனம்?

5/ "புது கம்ப்யூட்டர் வாங்குங்க", "எஸ்எஸ்டி போடுங்க"னு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. டெஸ்ட் எடுக்காம எப்படி மருந்து எழுதறது? பைதான்லயே சி-புரொஃபைல்னு ஒண்ணு இருக்கு. புரோகிராமோட எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு அளந்து சொல்லும்.

6/ ரிசல்ட்: கோப்பைப் படிக்க ஆகும் நேரம் கொஞ்சம்தான். மீதி நேரம் முழுக்க ஒரே கேள்விக்கு: "இந்த வரி ஏற்கெனவே வந்திருக்கா?" லாகரைச் செருகும் ஒவ்வொரு தடவையும் பழைய வரிகளும் சேர்ந்து வரும். அதனால இந்தக் கேள்வி அவசியம். பதில் தேடிய விதம்தான் சிக்கல்.

7/ ஒவ்வொரு பேஷண்ட் வரும்போதும் ஓபி நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினா எப்படி இருக்கும்? அதேதான். ஒரு வருஷ வரிகளுக்கு சுமார் 552 கோடி ஒப்பீடு. மூணு வருஷத்துக்கு மூணு மடங்கு இல்லைங்க, ஒன்பது மடங்கு! கிட்டத்தட்ட 5,000 கோடி.

8/ சிகிச்சை: "லிஸ்ட்"டுக்குப் பதிலா "செட்". நம்பர் போட்ட அலமாரி மாதிரி, நேரா அந்த அறையைத் திறந்து இருக்கா இல்லையான்னு சொல்லிடும். மாத்தினது ரெண்டே வரி. அதே பழைய கம்ப்யூட்டர், வேலை சில நொடியில முடியுது. பழைய ரிசல்ட்டையும் புதுசையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினோம். வேகமா வரும் தப்பான பதில் இன்னும் ஆபத்து.

9/ இப்போ தினமும் முதல் ஊசிக்கு முன்னாடியே லாக் பார்த்தாச்சு. நீங்களும் ஊசி போடற இடத்துல கேளுங்க: "இன்னிக்கு ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சர் பாத்தீங்களா?" கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. கோவிச்சுக்க மாட்டோம்.