அடங்கலில் தரிசு

அணையைத் திறந்துவிடக் கேட்டு மனுப் போடுகிற விவசாயிகளைக் காவிரிப் படுகை முழுக்கப் பார்க்கலாம். அணைத் தண்ணீர் எங்கள் வயலுக்கு வேண்டவே வேண்டாம் என்று ஆயக்கட்டுக்காரர்களே சொல்லி நான் கேட்டது ஒரத்துப்பாளையத்தில் மட்டும்தான்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் சேர்கிற நொய்யலின் குறுக்கே, சென்னிமலைப் பக்கம் 1990-களின் தொடக்கத்தில் கட்டிய அணை அது. ஈரோடு, கரூர் மாவட்டங்களில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் என்பது திட்டம். மேலே திருப்பூரில் பனியன் தொழில் வளர்ந்த வேகத்தில் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. நொய்யலோ மழைக்கு மட்டும் ஓடுகிற ஆறு. மற்ற மாதங்களில் ஓடியதெல்லாம் பட்டறைத் தண்ணீர்தான். பாசனத்துக்குக் கட்டிய அணை, சில வருஷங்களிலேயே சாயக்கழிவைத் தேக்கி வைக்கும் தொட்டியாகிப் போனது.

வழக்குகள் 1990-களிலேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டன. நான் உள்ளே நுழைந்தது பிற்பாடு, இழப்பீட்டுக் கட்டத்தில். பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும், அதைக் கணக்கிட ஓர் ஆணையம் வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தது. அப்படி அமைந்த சூழலியல் இழப்பீட்டு ஆணையத்திடமே நொய்யல் இழப்பைக் கணக்கிடும் வேலையும் வந்தது. என் சீனியர் சில விவசாயிகளுக்கு ஆஜரானார். எனக்குக் கொங்குப் பேச்சு புரியும் என்பதால் கட்சிக்காரர்களிடம் விவரம் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது.

வந்தவர்களில் பாதிப் பேர் கையில் கேனோடு வந்தார்கள். கிணற்றுத் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர், பட்டறை வாசலில் பிடித்த தண்ணீர். "இத ஜட்ஜய்யா முன்னால வெச்சிருங்க தம்பி, ஒரு மடக்குக் குடிச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றார் ஒருவர். கோபம் நியாயமானது, கேன்தான் பிரயோசனமில்லை. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, ஆலைக் கழிவுநீர் மாதிரியை எப்படி எடுக்கவேண்டும் என்று வரிவரியாகச் சொல்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, ஆலைக்காரர் முன்னிலையில் எடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்துப் போடவேண்டும். அந்த முறை தவறினால் ஆய்வு முடிவு சாட்சியமாக ஏறாது. ஆலைமேல் குற்ற வழக்குப் போடுவதற்கான விதி அது. ரிட் மனுவிலும் இழப்பீட்டிலும் அவ்வளவு கெடுபிடி இல்லை என்றாலும், விவசாயி தானே பிடித்து வந்த தண்ணீரை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் கொட்டிவிடும்: இது எந்தக் கிணற்றுத் தண்ணீர்?

தண்ணீரின் நிறமும் நமக்கு உதவவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபிறகு பட்டறைத் தரப்பு தெளிந்த நீரைக் காட்ட முடிந்தது. இங்கேதான் வழக்கின் மையம் இருந்தது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்புப் போடவேண்டும், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு முழுவதும் தண்ணீரோடு வெளியே வரும். சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டுக் கலக்கினால் நிறம் அடியில் படியும், நாற்றம் குறையும். கரைந்த உப்பை அந்த முறை தொடவே தொடாது. ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய நிலையங்களால் அந்த ஒரு எண்ணுக்குள் வர முடியவில்லை. சவ்வூடு வடிகட்டி, மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்கி, ஒரு சொட்டும் வெளியேறாமல் செய்வதுதான் வழி. அதற்கு ஆகும் செலவைச் சொன்னதும் பட்டறைக்காரர்கள் அவகாசம் கேட்டார்கள். கொடுத்த அவகாசம் முடிந்ததும் மறுபடி கேட்டார்கள்.

எனக்கு இந்த வழக்கைச் சொல்லிக்கொடுத்தவர் அணைக்கு அருகே ஐந்து ஏக்கர் வைத்திருந்த ஒரு பெரியவர். மஞ்சளும் தென்னையுமாக இருந்த தோட்டம். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று பதியும் கிராமக் கணக்குதான் அடங்கல். அவருடைய அடங்கல் நகலில் தொடர்ந்து 'தரிசு' என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதியிருந்தார். எதிர்த்தரப்பின் பதில் எதிர்பார்த்ததுதான். 2002, 2003 இரண்டும் தமிழ்நாட்டில் மழை பொய்த்த ஆண்டுகள். தரிசுக்குக் காரணம் வறட்சி, சாயம் அல்ல.

அடங்கலில் என்ன விளைந்தது என்ற பத்தி உண்டு, ஏன் விளையவில்லை என்ற பத்தி கிடையாது. பெரியவரிடம் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். மழுப்பினார். திரும்பத் திரும்பக் கேட்டபின் குரலைத் தாழ்த்தி, "கெணறு ரொம்பித்தாங்க தம்பி கெடக்குது. அணையில தேங்குனதுலருந்து வத்துனதே இல்லீங்க. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பி வந்துருதுங்க. தண்ணி இருக்குதுன்னு சொன்னா கேசு போயிருமுங்களா?" என்றார்.

அவர் ஒளித்து வைத்திருந்ததுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. மழை பொய்த்த வருஷத்திலும் இவர் கிணறு நிறைந்திருக்கிறது, இவர் நிலம் தரிசாக இருக்கிறது. அப்புறம் வறட்சி எங்கிருந்து வந்தது? அப்போது பொதுப்பணித் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவு சில கிணறுகளைத் தேர்ந்தெடுத்து நீர்மட்டத்தை அளந்து வந்தது. பக்கத்தில் அப்படி ஒரு கிணறு இருந்தது. அந்த அளவுகளுக்கு மனுச் செய்து வாங்கினோம். அதே வருவாய்க் கிராமத்தில் ஆற்றை விட்டுத் தள்ளியிருந்த ஒரு தோட்டத்தின் அடங்கலையும் எடுத்தோம். அங்கே மஞ்சள் இருந்தது. சீனியர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்ததும் வறட்சி வாதம் அத்தோடு நின்றுபோனது.

ஆணையம் 2004 டிசம்பரில் அளித்த முடிவின்படி 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய். செய்தித்தாளில் கோடி என்று படிக்கப் பெரிதாகத்தான் இருந்தது. தலைக்கு வகுத்தால் ஒன்பதாயிரத்துக்கும் குறைவு, அதுவும் இரண்டு ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்கு. விளையாத பயிருக்குக் கணக்குப் போட்டார்கள். உப்பேறிய மண்ணைத் திருப்பித் தருவதற்கு எவரும் கணக்குப் போடவில்லை. எனக்கு இன்றும் உள்ள மனக்குறை இதுதான்.

உயர் நீதிமன்றம் 2006 டிசம்பர் 22-இல் தந்த தீர்ப்பு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதில் இருந்த காசுக் கணக்கு. 2007 ஜூலைக்குள் கழிவே வெளியேறாத நிலைக்கு வரவேண்டும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் கட்டவேண்டும் என்றது. முதலில் 6 காசு, பிறகு 8, கடைசியில் 10. ஒரு நாளைக்கு லட்சம் லிட்டர் விடுகிற பட்டறைக்கு ஆறாயிரத்தில் தொடங்கிப் பத்தாயிரம் ரூபாயில் முடியும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிப் பிழைக்கிறவர்களுக்குச் சட்டப்பிரிவுகளைவிட இந்த மொழி சீக்கிரம் விளங்கியது.

பட்டறைக்காரர்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவர்களில் பலர் ஜாப் ஒர்க் செய்கிறவர்கள், துணி அவர்களுடையதல்ல. ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி நடந்த ஊரில், மலிவுக் கூலிக்குச் சாயம் போட வைத்த ஏற்றுமதியாளரையும் கடல்கடந்த பிராண்டுகளையும் அந்தக் காசுக் கணக்கு தொடவில்லை. கழிவுக்குழாய் யார் வாசலில் இருக்கிறதோ அவரைத்தான் சட்டத்துக்குத் தெரியும். இது சரியென்று எனக்குத் தோன்றியதில்லை.

பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்நியச் செலாவணி, லட்சக்கணக்கான வேலைவாய்ப்பு என்று வாதம் நடந்தது. 2009 அக்டோபரில் மூன்று மாத அவகாசத்தோடு உயர் நீதிமன்றத்தின் உத்தரவே நிலைத்தது. மூன்று மாதம் போய், மேலும் ஓராண்டு போனபின், அவமதிப்பு மனுவில் 2011 ஜனவரி 28-இல் எல்லாச் சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. திருப்பூரில் வேலை இழந்தவர்களில் எங்கள் கட்சிக்காரர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். விளையாத தோட்டத்தை விட்டுப் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் அவர்கள். தீர்ப்பு வந்ததும் பெரியவர் போனில் பேசினார், சந்தோஷமாக இல்லை. "ஆத்துக்கு நல்லதுங்க. பையன் ஊட்ல உக்காந்துட்டான்" என்றார்.

பூட்டிய பிறகுதான் பணம் வந்தது. அந்த ஆண்டே மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. ஆவியாக்கும் கருவிகள் வந்தன, நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வடிகட்டிய நீரும் மீட்டெடுத்த உப்பும் மறுபடி சாயத்தொட்டிக்கே போகின்றன. கள்ளத்தனமாகக் கழிவு விடுகிற பட்டறைகள் ஒழிந்துவிடவில்லை. மழை நாளில் நொய்யலில் நுரை கண்டதாக இன்றும் செய்தி வருகிறது.

உங்கள் கிணற்றுத் தண்ணீர் மாறுகிறது என்று தோன்றினால் கேனைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் வராதீர்கள். முதலில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ வேளாண் துறை ஆய்வகத்திலோ தேதியோடு அறிக்கை வாங்குங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி வாங்குங்கள். வருஷா வருஷம் அடங்கல் நகல் எடுத்து வையுங்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். இழப்பீடு கேட்டு இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், தெற்கு அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. பாதிப்பு முதலில் தொடங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். தக்க காரணம் காட்டினால் அதற்குமேல் அறுபது நாள் தருவார்கள். அதைத் தாண்டினால் மனு ஏற்கப்படாது.