அரை டிக்கெட் மரம்

காலேஜ் ஹாஸ்டல்ல எனக்கு வச்ச பேரு 'அரை டிக்கெட்'. உயரம் அப்படி! நாலு வருஷம், அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது தவிர சொந்தப் பேரைக் கேட்டதாகவே ஞாபகம் இல்லை.

அதனாலயோ என்னவோ, பாஸ்டனில் எங்க அபார்ட்மெண்ட் வாசலில் துவாரபாலகர் மாதிரி நிற்கும் ரெண்டு குட்டை மரங்கள் மேல் முதல் நாளே ஒரு பாசம். என் தோள் உயரம்தான் இருக்கும். யாரோ தினமும் சீவி விட்ட மாதிரி கச்சிதமான கூம்பு. பேரு, குட்டை ஆல்பர்ட்டா ஸ்ப்ரூஸ். கிறிஸ்துமஸுக்குக் கடையில் தொட்டியோடு விற்பாங்களே, அதேதான்.

இதுக்குப் பின்னாடி ஒரு ரயில் கதை இருக்கு. 1904. ஆல்பிரட் ரேடர், ஜாக் என்று ரெண்டு பேர். இதே பாஸ்டனில் ஹார்வர்டின் ஆர்னால்டு மரத்தோட்டத்தில் வேலை. கனடாவில் ராக்கி மலைப்பக்கம் லாகன் என்ற ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தார்களாம். வண்டி லேட். (அங்கேயுமா!) சும்மா இருப்பானேன் என்று காலாற நடந்தபோது, ஓங்கி வளர்கிற வெள்ளை ஸ்ப்ரூஸ் காட்டுக்குள் வளராமல் நின்ற குட்டிக் கன்றுகள் கண்ணில் பட்டன. பாஸ்டனுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். விதை போட்டால் இந்தக் குட்டை வரும் என்று நம்ப முடியாது. கிளையை வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறார்கள். ஊர் பூரா நிற்பது எல்லாம் காப்பி பேஸ்ட்!

பேர் விஷயம் இன்னும் தமாஷ். அந்த லாகன்தான் இன்றைய லேக் லூயிஸ். விக்டோரியா மகாராணியின் மகள் லூயிஸ் கரோலின் ஆல்பர்ட்டா. முதல் பேர் ஏரிக்கு, கடைசிப் பேர் மாகாணத்துக்கு. கண்டுபிடிச்சவங்க பேர் மரத்தில் இல்லை. மரத்துக்கென்று வைத்த பேர் 'கோனிகா'. அதாவது கூம்பன். நம்ம அரை டிக்கெட் கேஸ்தான்!

போன கோடையில் இடதுபக்க மரத்தில் ஒரு கிளை மட்டும் திமிறிக்கொண்டு வந்தது. மத்த கிளைகள் வருஷத்துக்கு ரெண்டு மூணு இஞ்ச் வளரும். இது ஒரே சீசனில் ஒரு அடிக்கு மேல். ஊசியிலையும் நீளம். நூறு வருஷம் கழிச்சும் காட்டு மரத்தின் புத்தி உள்ளே இருக்கு! தோட்டக்காரர் கத்தரியோடு வந்தபோது, "பாவம், விட்டுடுங்களேன்" என்றேன். "விட்டா இதுவே மொத்த மரத்தையும் எடுத்துக்கும். குட்டை காணாமப் போயிடும்" என்றார். வெட்டிவிட்டார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அந்த வாரம்தான் ஹாஸ்டல் ரூம்மேட் ஒருத்தன் போன் பண்ணினான். ஏழு வருஷம் கழிச்சு. எங்க கம்பெனியில் வேலைக்கு சிபாரிசு வேணுமாம். என் முழுப்பேரைச் சொல்லி, "எப்படி இருக்கீங்க?" என்றான்.

"டேய், அரை டிக்கெட்னு கூப்பிடுடா" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிச்சான் பாருங்க... அது பழைய சிரிப்பு.