விடியும்வரை ஒரு நெருப்பு

ஸ்காபரோவில் நம்மவர்கள் வாங்கிக் குடியேறிய பழைய பங்களோ வீடுகளில் அனேகமாக ஒரு கணப்பு இருக்கும். அனேகமாக அதில் நெருப்பு இருக்காது. மேலே உள்ள தட்டில் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள், உள்ளே ஒரு குத்துவிளக்கு அல்லது பழைய சப்பாத்துப் பெட்டிகள். எங்கள் வீடு 1954 இல் கட்டப்பட்டது. அதன் கணப்பும் நாங்கள் வந்து இருபது வருடங்கள் அப்படித்தான் கிடந்தது. போன இலையுதிர்காலத்தில், அதற்குள் ஒரு பெலற் அடுப்பைச் செருகுவதா இல்லையா என்று மூன்று தலைமுறை கூடியிருந்து கதைக்க வேண்டி வந்தது.

கதைக்க வைத்தது 2013 ஆம் ஆண்டின் நினைவு. டிசெம்பர் 21 இரவு பெய்யத் தொடங்கிய மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. மரங்கள் கண்ணாடி போர்த்தி நின்றன. பிறகு பாரம் தாங்காமல் மின்கம்பிகளின் மேல் முறிந்து விழுந்தன. ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 இலட்சம் மின்னிணைப்புகள் அறுந்தன. கிறிஸ்மஸ் அன்றும் பல்லாயிரம் வீடுகள் இருட்டில் கிடந்தன. எங்கள் வீடு நான்கு இரவுகள்.

எங்களிடம் இருப்பது எரிவாயு ஃபேர்னஸ். எரிவாயு நிலத்தடிக் குழாயில் வருகிறது, அது நிற்கவில்லை. ஆனால் அந்த ஃபேர்னஸைப் பற்றவைக்கும் பொறியும், சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறியும், எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் சிறு பலகையும் மின்சாரத்தில் ஓடுபவை. குழாயில் எரிபொருள் நிறைந்திருக்க வீடு குளிர்ந்துகொண்டே போனது. முதல் இரவு இரண்டு மணிக்கு, மின்சாரம் இருந்த ஓர் உறவினர் வீட்டுக்குப் போவதென்று முடிவெடுத்தோம். அம்மாவுக்கு அப்போது 72 வயது. வாசற்படி ஐந்தும் பனிக்கட்டி. ஒரு பக்கம் நானும் மறுபக்கம் மனைவியும் பிடித்து, ஒவ்வொரு படியாக அவரை இருத்தி இருத்தி இறக்கினோம். இன்று அம்மாவுக்கு 84. அந்தப் படிகள் அப்படியே இருக்கின்றன.

நான் கனடாவுக்கு வந்தது 1988 இல். அம்மா வந்தது 1999 இல். இடையில் 1990 இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை. அரசாங்கம் தடைசெய்த பொருட்களின் பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் ஒரு திரியும் வைத்து ஊரே வெளிச்சம் கண்டது. அந்தக் காலம் முழுவதும் நான் இங்கே விசையைத் தட்டினால் சூடு வரும் அடுக்குமாடி ஒன்றில் இருந்தேன். ஆகவே மின்சாரம் இல்லாமல் வாழ்வது பற்றி எங்கள் வீட்டில் யாருக்காவது பேச உரிமையுண்டு என்றால் அது அம்மாவுக்குத்தான்.

அம்மா சமைத்தது மரத்தூளில். பிஸ்கற் தகரம் ஒன்றின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிவர மரக்காலையிலிருந்து அள்ளிவந்த தூளை இறுக்கி இடித்து, போத்தலை மெதுவாகத் திருகி உருவிவிடுவார்களாம். நடுவே ஒரு குழல் மிஞ்சும். கீழே கொளுத்தினால் அந்தக் குழலின் உட்சுவர் மட்டும் சீராக எரியும். ஒரு தகரத் தூளில் சோறும் கறியும் முடிந்து, இரவுக்குச் சுடுதண்ணீரும் வைக்கலாம். தூள் இல்லாத நாட்களில் ஊமல், பன்னாடை, காவோலை. நெருப்பு யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை.

ஆனால் அந்தக் குசினி மூச்சுவிடும் குசினி. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி இருந்தது. கதவு சாத்தினாலும் புகை தன் வழியைக் கண்டுகொள்ளும். இந்த நாட்டு வீடோ குளிருக்காக வாய் மூடிய வீடு. 2013 இல் சிலர் வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் கரி அடுப்பையும் ஜெனரேற்றரையும் ஓடவிட்டார்கள். காபன் மொனொக்சைட் நிறமும் மணமும் இல்லாதது, தலையிடியோடு தொடங்கி நித்திரையில் முடிப்பது. ஒன்ராறியோவில் உயிர்கள் போயின. ஊரில் நெருப்பை மூட்டத் தெரிந்தால் போதும். இங்கே புகையை வெளியே அனுப்பத் தெரிந்த பிறகுதான் நெருப்பை மூட்டலாம்.

வூட்ஸ்டொக் நகரில் 2008 இல் நடந்ததை இங்கே நினைவூட்ட வேண்டும். பொலிஸ் அதிகாரி லோறி ஹோக்கின்ஸ், அவருடைய கணவர், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே இறந்துபோனது. அவர்கள் வீட்டு எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் எச்சரிக்கைக் கருவி இல்லை. அவருடைய மாமா ஜோன் ஜிக்னாக், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், விடாமல் பாடுபட்டதில் 2013 இல் சட்டம் நிறைவேறியது. அடுத்த வருடம் முதல் ஒன்ராறியோவில் எரிபொருள் அடுப்போ கணப்போ உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே அந்தக் கருவி கட்டாயம். எந்த அடுப்பு என்று யோசிக்க முன்னரே நாங்கள் வாங்கியது அதைத்தான். மின்சாரம் போனாலும் பற்றரியில் ஓடும் வகை.

அடுத்தது அளவு. எங்கள் கணப்பு சிறியது. முன்பக்கம் 29 அங்குல அகலம், பின்பக்கம் 21, உயரம் 24, ஆழம் 15. இந்த நான்கு எண்களையும் ஒரு துண்டில் எழுதி எடுக்காமல் கடைக்குப் போவது வீண். பின்பக்கம் ஒடுங்கிக்கொண்டு போவதால் முன்பக்க அகலத்தை மட்டும் நம்ப முடியாது. மேலே உள்ள மரத்தட்டுக்கும் அடுப்புக்கும் எவ்வளவு இடைவெளி, முன்னால் நெருப்புப் பிடிக்காத தரை எவ்வளவு தூரம் என்பதும் கேட்பார்கள்.

வெறுமனே விறகு அடுக்கிக் கொளுத்தினால் என்ன என்று மனைவி கேட்டார். திறந்த கணப்பு பார்வைக்கு அழகு. ஆனால் அதன் சூட்டில் பெரும் பங்கு புகைபோக்கியால் போய்விடும். போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். குளிர் இரவில் அது வீட்டை உறிஞ்சும் ஓர் ஓட்டை.

விறகு இன்சேர்ட் நல்ல தெரிவு. மின்சாரமே வேண்டாம். ஆனால் நாங்கள் பார்த்தவற்றுள் 15 அங்குல ஆழத்துக்குள் அடங்கியவை மிகச் சிறியவை. நள்ளிரவில் இரண்டு தரம் எழும்பி விறகு போட வேண்டும். விறகை ஒரு வருடமாவது காயவைக்க வேண்டும், எங்கள் வளவில் இடமில்லை. எரிவாயு இன்சேர்ட் மின்சாரம் இல்லாமலும் எரியக்கூடிய வகைகளில் கிடைக்கிறது. இதையும் சொல்லத்தான் வேண்டும்: பல வீடுகளுக்கு அதுதான் பொருத்தம். எங்கள் வீட்டில் ஃபேர்னஸ் ஏற்கெனவே எரிவாயு. இரண்டாவது நெருப்பும் அதே குழாயில் தொங்க வேண்டாம் என்று நினைத்தோம்.

மிச்சம் பெலற். மரக்காலைகளில் மிஞ்சும் தூளைக் காயவைத்து, பெரும் அழுத்தத்தில் துளைகளுக்குள்ளால் தள்ளினால் 6 மில்லிமீற்றர் தடிப்பில் குட்டிக் குச்சிகள் வரும். பசை எதுவும் தேவையில்லை. மரத்திலேயே உள்ள லிக்னின் சூட்டில் இளகி, ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். வடமேற்கு ஒன்ராறியோவின் அற்றிக்கோக்கன் மின்நிலையம் நிலக்கரியைக் கைவிட்டு 2014 முதல் எரிப்பதும் இந்த வகைக் குச்சிகளையே. வீடுகளுக்கு 40 இறாத்தல் பைகளில் வரும்.

கடையில் அம்மா ஒரு குச்சியை எடுத்து விரலால் நசித்து, மணந்து பார்த்தார்.

"உது மரத்தூளெல்லே தம்பி."

"ஓம் அம்மா."

"உதுக்கு இவ்வளவு காசோ?"

பிறகு அடுப்பைச் சுற்றிப் பார்த்தார். பின்னால் தொங்கிய வயரைக் கண்டதும் அவர் கேட்ட கேள்வியை அந்தக் கடையில் அதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப கரண்ட் நிண்டா உதுவும் நிண்டிடுமோ?"

நின்றுவிடும். பெலற் அடுப்பில் மேலே ஒரு கொள்கலன். அதிலிருந்து ஒரு திருகாணி சுழன்று சுழன்று குச்சிகளைச் சிறு கிண்ணத்துக்குள் விழுத்தும். ஒரு விசிறி காற்றை ஊட்டிப் புகையை வெளியே தள்ளும். இன்னொன்று சூட்டை அறைக்குள் வீசும். இத்தனைக்கும் மின்சாரம் வேண்டும். பற்றும்போது சில நிமிடங்களுக்கு 300, 400 வாட். பற்றிய பின் ஏறக்குறைய 100 வாட். எரிந்துகொண்டிருக்கையில் மின்சாரம் அறுந்தால் கிண்ணத்தில் மிஞ்சிய குச்சிகள் புகைந்து முடியும். அந்தப் புகை அறைக்குள் திரும்பாமல் இருக்க, புகைக்குழாயைப் புகைபோக்கியின் உச்சிவரை நேராகக் கொண்டுபோய்விட வேண்டும். எங்கள் புகைபோக்கிக்குள் 4 அங்குலத் துருப்பிடிக்காத உருக்குக் குழாய் இறங்கியது அதற்காகத்தான்.

மகள் வேறொரு கேள்வி கேட்டாள். "எங்கட வீட்டுச் சூட்டுக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏன் புகை குடிக்க வேணும்?" நியாயமான கேள்வி. மொன்றியலில் 2018 ஒக்ரோபர் முதல் மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளிவிடும் விறகு அடுப்புகளை எரிக்க முடியாது. 1998 இன் பனிக்கட்டிப் புயலைக் கண்ட நகரம் அது. மின்சாரம் 3 மணித்தியாலத்துக்கு மேல் இல்லாமற் போனால் மட்டும் அங்கே விலக்கு உண்டு. அமெரிக்காவில் 2020 முதல் விற்கும் அடுப்புகளுக்கு எல்லை 2 கிராம். நாங்கள் பார்த்த பெலற் அடுப்பு அதற்கும் கீழே. இலக்கத்தைப் படித்துவிட்டு மகள், "தேவையான நாளில மட்டும்" என்றாள். அது எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று.

காசு மிச்சம் பிடிக்க என்று யாராவது இதை வாங்க நினைத்தால் ஒரு கணக்கு. 40 இறாத்தல் பை ஒன்றில் உள்ள சூடு ஏறக்குறைய 9 கன மீற்றர் எரிவாயுவில் உள்ள சூடு. உங்கள் பற்றுச்சீட்டை எடுத்து 9 கன மீற்றருக்கு என்ன விலை என்று பாருங்கள். எங்கள் வீட்டில் பைதான் விலை கூட. எரிவாயுக் குழாய் போகாத ஊர்களில், எண்ணெயில் அல்லது மின்சாரத்தில் சூடேற்றும் வீடுகளில் கணக்கு மாறும். ரொறன்ரோவில் இதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் ஏன் வாங்கினோம்? கடையிலிருந்து திரும்பி வரும்போது காருக்குள் இதையே கதைத்தோம். மின்சாரம் போனால் நிற்கும் அடுப்பு, மிச்சமும் பிடித்துத் தராத அடுப்பு. விடை அம்மாவின் கேள்விக்குள்ளேயே இருந்தது. கரண்ட் நின்றால் எவ்வளவு நேரத்துக்கு? ஒரு கிழமைக்கு அடுப்பைத் தேடினால் எங்களால் எதையும் வாங்க முடியாது. ஆனால் நான்கு இரவுகளில் எங்களைப் பயமுறுத்தியது ஓர் இரவுதான், அந்த ஐந்து படிகள். விடிந்த பிறகு உப்புப் போடலாம், அயலவரைக் கூப்பிடலாம், நகரசபை திறக்கும் சூடேற்று நிலையத்துக்குப் போகலாம். எங்களுக்குத் தேவை விடியும்வரை பொறுத்திருக்க ஒரு நெருப்பு.

ஓர் இரவைக் கணக்கிட முடியும். 12 வோல்ற், 100 அம்பியர்-மணி பற்றரி ஒன்றில் 1200 வாட்-மணி இருக்கிறது. இடையில் விரயமாவதைக் கழித்தாலும், லிதியம் வகையானால், 100 வாட் அடுப்பை ஒன்பது பத்து மணித்தியாலம் ஓட்டும். அதனோடு இணைக்கும் இன்வேர்ட்டர் தூய சைன் அலை தருவதாக இருக்க வேண்டும், மற்றது அடுப்பின் பலகையைக் கெடுக்கலாம். மெதுவாக எரித்தால் ஒரு பை ஒரு நாளைத் தாண்டும். உச்சத்தில் எரித்தாலும் எட்டு மணித்தியாலம் வரும். பற்றரியும் பையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தீரும்.

விலையில் பாதி அடுப்புக்கு வெளியே போனது என்பதையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். பழைய புகைபோக்கியின் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது, குழாய், அடைப்புத் தகடு, பூட்டும் கூலி. வெற் சான்றிதழ் பெற்றவர் வந்து பார்த்து எழுதிக்கொடுத்த அறிக்கையைக் காப்புறுதிக்கு அனுப்பினோம். வாங்க முன்னரே காப்புறுதிக்குத் தொலைபேசி எடுப்பது நல்லது. சொல்லாமல் வைத்த அடுப்பு, ஒரு நாள் விபத்து நடந்தால் காப்புறுதியையே இல்லாமற் செய்யும்.

பற்றரி வந்த அன்று அம்மா அதன் பக்கத்தில் கதிரை போட்டிருந்து நெடுநேரம் பார்த்தார். 1990களில் றேடியோ கேட்பதற்கு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி டைனமோவில் மின்சாரம் எடுப்பார்களாம். செய்தி முடியும்வரை ஒருவர் மாறி ஒருவர் சுற்ற வேண்டும். "ரண்டு ரோச் பற்றரி வச்சிருந்தாலே பிடிச்சுக்கொண்டு போயிருப்பாங்கள். இவ்வளவு பெரிசை நடு வீட்டில வச்சிருக்கிறாய்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

போன தை மாதத்தில் ஒரு இரவு மின்சாரம் மூன்று மணித்தியாலம் நின்றது. ஃபேர்னஸ் அடங்கியது. அடுப்பு ஓடியது. 40 இறாத்தல் பையை அம்மாவால் தூக்க முடியாது. குசினியிலிருந்து அரிசி அளக்கும் சுண்டை எடுத்துவந்து, குச்சிகளை அளந்து அளந்து போட்டார். எத்தனை சுண்டு போட்டால் எவ்வளவு நேரம் எரியும் என்று இப்போது எங்கள் வீட்டில் அவருக்கு மட்டுமே தெரியும்.