12இ500

"அக்கா, கொஞ்சம் வாங்களேன். பைல்ல வைரஸ் புகுந்திருச்சு போல" என்று தங்கச்சி கூப்பிட்டபோது நான் தேநீரும் கையுமாக நின்றேன். போய்ப் பார்த்தால் திரை நிறைய ஆங்கில எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளி. முதல் வரியில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. "தமிழ்" என்று வாசித்தேன். கீழே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். "அம்மா" என்று வாசித்தேன். சாமியாடியைப் பார்ப்பது போல அவள் என்னைப் பார்த்தாள்.

வைரஸ் ஒன்றும் இல்லை. பல வருடத்துக்கு முன் நானே பாமினியில் அடித்த கடிதம் அது. அவளுடைய புது மடிக்கணினியில் பாமினி எழுத்துரு இல்லாததால், விசைகள் தங்கள் ஆங்கில முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. எனக்கு அது எழுத்தாகத் தெரியவில்லை, விரலாகத் தெரிந்தது. ஜே என்றால் வலது சுட்டுவிரல், அதாவது த. கே என்றால் அதற்குப் பக்கத்து விரல், ம.

நாங்கள் வேலை செய்வது நாவுலையில் ஓர் அரச அலுவலகத்தில். எது என்று இங்கே சொல்லத் தேவையில்லை. மாத்தளையிலிருந்து தினமும் தம்புள்ளை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். காரியங்கள் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிற இடம். தமிழில் ஒரு கடிதம், ஒரு படிவம், ஒரு பெயர்ப் பட்டியல் என்றால் என் மேசைக்கு வரும். தங்கச்சி என்று நான் கூப்பிடுகிறவள் கூட வேலை செய்கிற, எல்கடுவப் பக்கத்துப் பிள்ளை, பட்டதாரி. 2020இல் நாடு முழுக்கப் பட்டதாரிப் பயிலுநர்களை எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் வந்தவள்.

நான் டைப்பிங் பழகியது மாத்தளையில் ஒரு மாடி வகுப்பில். ய, ள, ன, க இடது கைக்கு. த, ம, ட வலது கைக்கு. விசைகளைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஆசிரியர் அடிமட்டத்தால் மேசையில் ஒரு தட்டு. பிறகு ஸ்டென்சில், றோணியோ. ஸ்டென்சிலில் பிழை விட்டால் நகப்பூச்சு மாதிரிச் சிவப்புத் திரவத்தைத் தடவி, காயும்வரை ஊதிக்கொண்டிருக்க வேண்டும். தமிழைத் தட்டச்சு இயந்திரத்துக்குள் அடக்கியவர் நம் நாட்டுக்காரர்தான்: யாழ்ப்பாணம் சுண்டிக்குழியில் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன ஆர். முத்தையா. 247 எழுத்தை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளில் கொண்டுவர அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. அந்தத் தட்டச்சு வரிசையின் வாரிசுதான் பாமினி. எங்கள் அலுவலகத்துக்கு முதல் கணினி வந்தபோது, பெரியவர்கள் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தபோது, நான் நேரே போய் உட்கார்ந்து அடிக்கத் தொடங்கியது இதனால்தான். கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. விரல்களுக்கு வேலை மாறவில்லை, அவ்வளவுதான்.

தங்கச்சி தமிழ் எழுதுவது போனில், இரண்டு கட்டைவிரலால். ஆங்கில எழுத்தில் பாதிச் சொல்லை அடிப்பாள், மேலே வருகிற தமிழ்ச் சொல்லைத் தொடுவாள். என்னைவிட வேகம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஆனால் கணினியில் அவள் செய்த முதல் கடிதத்தைக் காணவில்லை. "எங்க சேவ் பண்ணுன?" என்று கேட்டேன். "தெரியல்லக்கா, போன்ல என்றால் தேடுனா வந்துரும்" என்றாள். கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் வருடம், அதற்குள் மாதம் என்று அடுக்கி வைக்கிற பழக்கமே அவளுக்கு இல்லை. இரும்பு அலுமாரியில் பைல் அடுக்கியவர்கள்தான் கணினிக்குள்ளும் அடுக்குவோம் போலிருக்கிறது.

2001இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர், பிள்ளைகளை டிஜிட்டல் உலகத்தின் சுதேசிகள் என்றும், எங்களைப் போன்றவர்களைக் குடியேறிகள் என்றும் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். எந்தப் பயிற்சிப் பட்டறைக்குப் போனாலும் அந்தப் பிரிவைத் திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். மலையகத்தில் பிறந்த எனக்குக் குடியேறி என்ற சொல் அவ்வளவு லேசாகக் காதில் இறங்காது. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் என் தாத்தாமாரை அந்தக் கண்ணோடு பார்த்துத்தான் நாடற்றவர்களாக்கியது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், பிரிவே தப்பு என்பது என் அபிப்பிராயம். கணினிக்கு நான் சுதேசி, போனுக்கு அவள். ஊரில் இரண்டுமே இருக்கின்றன.

இனி அந்தப் பட்டியல் கதை. உதவிப் பணம் பெறுகிற முந்நூற்றுச் சொச்சம் பேரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை. பெயர் பாமினியிலும் எண்கள் ஆங்கில எழுத்துருவிலுமாக எல்லாம் ஒரே பழைய பைலில். மேலிடத்திலிருந்து, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யுனிகோடில்தான் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் உண்டு. தமிழ் 1991இலேயே யுனிகோடில் ஏறிவிட்டது, இலங்கையின் தமிழ்த் தர நிர்ணயமும் 2008இல் வந்துவிட்டது. நான் திரும்ப அடிக்கிறேன், ஒரு கிழமை தாருங்கள் என்றேன். தங்கச்சி சிரித்தாள். இணையத்தில் எழுத்துருமாற்றி ஒன்றைத் திறந்து, மொத்தத்தையும் இழுத்துப் போட்டு, ஒரு பொத்தானை அமுக்கினாள். ஒரு நிமிடம் ஆகவில்லை. பெயர்கள் எல்லாம் அச்சொட்டாக வந்தன. எனக்கு உள்ளுக்குள் ஏதோ சுருங்கியது. ஒரு கிழமை கேட்டவள் நான்தானே.

அச்சடித்துக் கையில் எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது. தொகை என்ற நிரலில் "12இ500".

பாமினியில் காற்புள்ளி விசையில்தான் இ இருக்கிறது. மாற்றிக்குப் பெயர் எது, பணம் எது என்று தெரியாது; காற்புள்ளியைக் கண்ட இடமெல்லாம் இ போட்டுவிட்டது. பக்கத்து நிரலைப் பார்த்தேன். அடையாள அட்டை இலக்கங்களின் கடைசியில் ஏ, ஏ, ஏ என்று வரிசையாக நின்றது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் வீ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும், சிலருக்கு எக்ஸ். பாமினியில் பெரிய வீ என்றால் ஏ. பெரிய எக்ஸ் என்றால் ஓ. 2016இலிருந்து வருகிற புது இலக்கத்தில் எழுத்தே கிடையாது, பன்னிரண்டும் எண்தான். ஆகவே புது இலக்கம் வைத்திருந்த இளசுகள் அத்தனை பேரும் சேதமில்லாமல் தப்பிவிட்டார்கள். கெட்டது முழுக்கப் பழைய அட்டைக்காரர்களின் இலக்கம், கிழவன் கிழவிகள் எல்லாரும் அதில். அப்படியே அனுப்பியிருந்தால் இந்த ஏ யாருடையது என்று கொழும்பில் யார் தேடப்போகிறார்கள்? பணம் வராத ஆச்சி பஸ் ஏறி வந்து எங்கள் வாசலில்தான் நின்றிருப்பாள்.

சொன்னதும் தங்கச்சியின் முகம் வாடிப்போனது. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது, மறைக்கவில்லை. அது நல்ல சந்தோஷம் இல்லை என்பதும் தெரிந்தது. "சரி, விதியைச் சொல்லுங்கக்கா" என்றாள். ஒன்பது எண்ணோடு வீ அல்லது எக்ஸ், இல்லாவிட்டால் பன்னிரண்டு எண், வேறெது வந்தாலும் பிழை என்றேன். பத்து நிமிடத்தில் எக்செல்லில் ஏதோ செய்தாள். பிழையான கட்டங்கள் எல்லாம் மஞ்சளாகின. அதில் மாற்றியால் வராத மஞ்சள் நான்கும் இருந்தன. ஓர் எண் குறைவாக நான் அன்றைக்கே அடித்துவிட்டவை. பல வருடமாக அந்த நான்கையும் யாரும் பார்த்திருக்கவில்லை, நானும்தான்.

இதையெல்லாம் எங்கள் தலைமை அதிகாரி மேடத்திடம் சொன்னோம். நாற்பது வயசு இருக்கும். அவருக்கு முன் இருந்தவர் புத்தாக்கம் என்றால் ஹோட்டலில் ஒரு நாள் பயிற்சி, சான்றிதழ், குழுப்படம் என்று நினைத்தவர். அதற்கும் முன்னால் 5எஸ் என்ற ஜப்பானிய ஒழுங்கு முறை வந்த காலத்தில் "வேண்டாததை அகற்று" என்று பலகை மாட்டி, கேட்பாரில்லாமல் இரண்டு சாக்கு பதிவேடுகளை எடைக்குப் போட்டதும் உண்டு. இந்த மேடம் கூட்டத்தில் எக்செல் தாளைத் திரையில் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மாத் தன்னே நே" என்றார். சிங்களத்தில், எனக்கும் தெரியாது என்று அர்த்தம். தலைமை நாற்காலியிலிருந்து அந்த மூன்று சொல்லை முப்பது வருடத்தில் நான் கேட்டதே இல்லை. பிறகு தங்கச்சியைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார், தானே பிழை விட்டு இரண்டாம் தரமும் கேட்டார். அன்று பின்னேரம், ஐம்பத்தெட்டு வயசுக் கணக்காளர் ஒருவர் தங்கச்சியின் மேசைப் பக்கம் சும்மா வருகிறவர் போல வந்தார். வயசாளிகளுக்கு மெஷினைக் கண்டு பயம் என்கிறார்கள். நான் கண்டவரை, தெரியாது என்பது சின்னவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் பயம். மேடம் அந்தப் பயம் வெளியேற வழிவிட்டார். அதற்கென்று புது மெஷின் எதுவும் வாங்கவில்லை.

அந்த மேடத்துக்கும் பிந்திப்போன ஒரு காரியம் உண்டு. ஓய்வு வயதை 65 ஆக்கினார்கள், ஒரு வருடத்துக்குள்ளேயே மறுபடி 60 என்றார்கள். அறுபது தாண்டியவர்கள் எல்லாரும் 2022 டிசம்பர் 31ஆம் திகதி ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். காணிக் கிளையில் இருந்த ஐயாவும் போனார். கணினியைத் தொடாத மனிதர். போவதற்கு முன்பே அவருடைய பேரேடுகளை ஸ்கேன் பண்ணிவிட்டோம் என்று எல்லாருக்கும் நிம்மதி. ஐயா பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதுவார்: இவருடைய தம்பி எதிர்க்கிறார், இந்த எல்லைக்கல் தண்ணீருக்குள் போய்விட்டது, இப்படி. கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் பண்ணியதில் மை விழுந்தது, பென்சில் விழவில்லை. பக்கத்து ஊர்களின் நிலம் போவத்தென்னை நீர்த்தேக்கத்துக்குப் போனதையும், பிறகு மொரகஹகந்தை நீர்த்தேக்கத்துக்குப் போனதையும் கண்ணால் கண்டவர் அவர். கேட்க ஆள் இருந்தது, கேட்கத் தோன்றவில்லை.

ஐயா சொல்லித்தான் நாலந்தா கெடிகேயின் கதை எனக்குத் தெரியும். நாவுலைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸிலிருந்து அங்கே போகிற திருப்பம் தெரியும். பல்லவர் கட்டடக் கலைச் சாயலில் கல்லால் எழுந்த பௌத்தக் கோயில். மாமல்லபுரம் பார்த்தவர்களுக்கு முகம் பிடிபடும். போவத்தென்னை நீர்த்தேக்கம் வந்தபோது அது தண்ணீருக்குள் போக வேண்டியது. 1970களில் கல் கல்லாகக் கழற்றி, பிறகு மேட்டில் திரும்ப அடுக்கினார்கள். ஐயாவுக்கு அப்போது பள்ளிக்கூட வயசு, கற்கள் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். "கழற்றுவது பெரிய காரியம் இல்லை நங்கி, எந்தக் கல் எதன்மேல் என்று தெரிந்தவன் பக்கத்தில் நிற்க வேண்டும்" என்றார் ஒரு நாள் தேநீர் வேளையில். கணினியைப் பற்றி அவர் பேசவில்லை. நான்தான் இப்போது அப்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு அறுபது ஆக இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. வியாழன் பின்னேரங்களில் தங்கச்சியும் நானும் ஒரே மேசையில் உட்கார்கிறோம். ஒரு பழைய பைலைத் திறப்போம், நான் அதன் கதையைச் சொல்வேன், அவள் போனில் ஒலிப்பதிவு பண்ணிப் பிறகு எழுத்தாக்குவாள். கோப்புறை அடுக்கப் பழகிவிட்டாள். நான் கட்டைவிரலால் அடிக்கப் பழகுகிறேன், தட்டச்சுப் பழக்கத்தில் கொம்பை முதலில் தேடுகிற விரல் இன்னும் வழிக்கு வரவில்லை.

உங்கள் அலுவலகத்திலோ, கோயில் சபையிலோ, வீட்டுக் கணினியிலோ பாமினியில் அடித்த பைல்கள் கிடந்தால், அந்தக் கணினி சாகும் முன் எடுத்து யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் இ, ஏ, ஓ மூன்றையும் தனித்தனியே தேடிப் பாருங்கள். பார்க்கும்போது அதை அடித்தவரையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.