போன்ல ஏதாச்சும் சேதி வந்துச்சுங்களா?

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க. இதுல கிரிக்கெட்டும் இருக்கு, டெங்குவும் இருக்கு. ரெண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்பீங்க. நவம்பர் 13ஆம் தேதி ராத்திரி வரைக்கும் எனக்கும் தெரியாது.

(நோயாளி யாருன்னு தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/
முதல்ல கிரிக்கெட். 2008லேர்ந்து நான் சிஎஸ்கே ரசிகன். 2025 ஐபிஎல் எப்படிப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். 14 மேட்ச், 4 வெற்றி, பத்தாவது இடம். சிஎஸ்கே கடைசி இடத்துல முடிச்சது அதுதான் முதல் தடவை.

மே 25ஆம் தேதியோட நம்ம மேட்ச் எல்லாம் முடிஞ்சுது. இனி அடுத்த மார்ச்தான். ஜெயிச்ச டீமோட ரசிகன் ஹைலைட்ஸைத் திரும்பத் திரும்பப் பார்த்தே காலத்தை ஓட்டிடுவான். தோத்தவனுக்கு என்ன இருக்கு? யாரை எடுக்கப் போறாங்க, யாரை விடப் போறாங்கங்கற சேதி மட்டும்தான்.

3/
அந்தச் சேதிப் பசிக்குத் தீனி போட ஆளுங்களுக்கா பஞ்சம்? கடைசி மேட்ச் முடிஞ்சதும் தோனி, முடிவெடுக்க நாலஞ்சு மாசம் இருக்கு, அவசரமில்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டார். போதாதா?

ஆகஸ்ட்ல, சஞ்சு சாம்சன் ராஜஸ்தானை விட்டு வர நினைக்கறார்னு செய்தி. அதே மாசம் பிரெவிஸை எடுத்த விதம் பத்தி அஸ்வின் தன்னோட யூடியூப்ல ஏதோ சொல்லப் போக, எல்லாமே விதிப்படிதான்னு சிஎஸ்கே அறிக்கை விட வேண்டியதாச்சு. ஆகஸ்ட் 27ஆம் தேதி அஸ்வின் ஐபிஎல்லேர்ந்தே ஓய்வுன்னுட்டார். ஒரு பந்துகூட வீசல, ஆனா மேட்ச் நடக்கற மாசத்தை விட டைம்லைன் சூடா இருந்துச்சு.

4/
நவம்பர்ல பைத்தியமே பிடிச்சிருச்சு. சஞ்சு இங்க, ஜடேஜா அங்கன்னு பேச்சு. ஜடேஜாவோட இன்ஸ்டா கணக்கைக் காணோம்னு ஒரு செய்தி. நவம்பர் 11 சஞ்சுவோட பிறந்தநாள். சிஎஸ்கே பக்கத்துல வாழ்த்துப் போட்டாங்க. அதை வெச்சு எங்க எம்பிபிஎஸ் பேட்ச் குரூப்ல ரெண்டு நாள் ஆராய்ச்சி நடந்துச்சு. எக்ஸ்ரேவைக்கூட நாங்க யாரும் அவ்வளவு உத்துப் பார்த்திருக்க மாட்டோம்.

5/
டிரேடுங்கறது எப்படி நடக்குதுன்னு யோசிச்சா இந்தக் கூத்து இன்னும் நல்லாப் புரியும். ரெண்டு அணியும் ஒத்துக்கணும், ஆட்டக்காரர் சம்மதிக்கணும், சம்பளம் பேசி முடிக்கணும், கடைசியா வாரியம் அனுமதி தரணும். இது மூடின ரூமுக்குள்ள நடக்கற வேலை. விஷயம் தெரிஞ்சவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. அந்த இடைவெளியில தெரிஞ்ச மாதிரி எழுதறவங்க வந்து உக்காந்துக்கறாங்க.

6/
இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவுல பேஸ்பால் சீசன் முடிஞ்சு குளிர்காலம் வந்தா, அந்தக் காலத்துல கடையில அடுப்பைச் சுத்தி உக்காந்து அடுத்த வருஷ டீமைப் பத்திப் பேசுவாங்களாம். அதனால அந்தப் பேச்சுக்கே 'ஹாட் ஸ்டோவ்'னு பேர். நம்ம டீக்கடை பெஞ்சு மாதிரின்னு வெச்சுக்கங்க.

2023 டிசம்பர் 8ஆம் தேதி ஓட்டானிங்கற ஜப்பான் நட்சத்திரம் டொரண்டோ அணிக்கு வர்றார்னு வதந்தி. தெற்கு கலிபோர்னியாவுலேர்ந்து டொரண்டோவுக்குப் போன ஒரு தனி விமானத்தை ஆயிரக்கணக்கான பேர் போன்ல பின்தொடர்ந்தாங்க. விமானம் இறங்குச்சு. உள்ளே இருந்தது குடும்பத்தோட ஊர் திரும்பின ஒரு கனடா தொழிலதிபர்! மறுநாள் ஓட்டானியே இன்ஸ்டாவுல சொன்னார்: லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ். பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர்.

7/
ஏன் இப்படி? புறாவை வெச்சு ஸ்கின்னர் பண்ணின ஆராய்ச்சியை மருத்துவம் படிச்சவங்க கேள்விப்பட்டிருப்பீங்க. கொத்தினா ஒவ்வொரு தடவையும் தீனி வந்தா, புறா பசிக்கறப்போ மட்டும் கொத்தும். எப்போ வரும்னே தெரியாம, என்னைக்கோ ஒரு தடவை வந்தா, விடாம கொத்திக்கிட்டே இருக்கும்.

கட்டை விரலால ஸ்க்ரீனைக் கீழே இழுத்து விடறோமே, அதுவும் அதே கொத்துதான். இதை நான் மாணவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கேன். எடுத்துட்டு வெளியே வந்து, சஞ்சு வந்தாச்சான்னு பார்த்திருக்கேன்.

8/
இப்போ டெங்கு.

அதே நவம்பர். வடகிழக்குப் பருவமழை நேரம், கோயமுத்தூர் ஆஸ்பத்திரிகள்ல காய்ச்சல் வார்டு நிறைஞ்சிருக்கும். சோமனூர் பக்கம் தறி ஓட்டறவர் ஒருத்தர், நாற்பதுக்குள்ள வயசு, ஐசியுல இருந்தார். காய்ச்சல் வந்து அஞ்சாவது நாள். காய்ச்சல் விட்டுருச்சு, ஆனா பிளேட்லெட் 28,000. அவரோட சம்சாரம் வெளியே பெஞ்சுல. கூட அவங்க தம்பி.

9/
டெங்குல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்லை. காய்ச்சல் விட்டதும் 'அப்பாடா'ன்னு இருப்போம். ஆனா காய்ச்சல் விடற நேரத்துலேர்ந்து அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தான கட்டம். ரத்தக் குழாயிலேர்ந்து நீர் வெளியே கசியும். ரத்தம் கெட்டியாகும், பிபி இறங்கும்.

அந்த நேரத்துல நாங்க முக்கியமா பார்க்கறது பிசிவி (ரத்தம் எவ்வளவு கெட்டியா இருக்குங்கற அளவு), பிபி, நாடித்துடிப்பு, சிறுநீர் எவ்வளவு போகுது, வயிறு வலிக்குதா, கை கால் சில்லுன்னு இருக்கா.

10/
வெளியே இருக்கறவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். "பிளேட்லெட் எவ்வளவுங்க சார் ஏறியிருக்குது?"

கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. 28,000 இருந்து 24,000 ஆனா விக்கெட் விழுந்த மாதிரி முகம் வாடிப் போகும். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு வெறும் எண்ணைப் பார்த்துட்டு பிளேட்லெட் ஏத்தறதால பெருசா பலன் இல்லை. உடம்பு தேறும்போது அது தானா ஏறிக்கும். இதை நாங்க உக்கார வெச்சு விளக்கிச் சொல்லணும். நேரமில்லைன்னு பல சமயம் சொல்றதில்லை.

11/
13ஆம் தேதி ராத்திரி எனக்கு டூட்டி. சாயங்காலத்துலேர்ந்தே குரூப்ல 'இன்னிக்கு நைட் கன்ஃபர்ம்' 'இன்னிக்கு நைட் கன்ஃபர்ம்'னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஐசியுவுக்கும் டூட்டி ரூமுக்கும் நடுவுல அந்த பெஞ்ச். நான் ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் போனை எடுத்துப் பார்க்கறேன், உதட்டைப் பிதுக்கறேன், பையில போடறேன். எத்தனை தடவைன்னு எனக்குக் கணக்கில்லை. அந்தம்மா எண்ணியிருப்பாங்கன்னு நினைக்கறேன்.

12/
பதினோரு மணி இருக்கும். அந்தம்மா எந்திரிச்சு வந்தாங்க.

"ஏனுங் சார், போன்ல ஏதாச்சும் சேதி வந்துச்சுங்களா?"

எனக்கு ஒரு நொடி புரியல. இந்தம்மாவுக்கு எப்படி சஞ்சு விஷயம்?

அப்புறம்தான் உறைச்சுது. அவங்க வீட்டுக்காரரோட ரிசல்ட்டுக்காகத்தான் டாக்டர் தவிச்சுக்கிட்டு இருக்கார்னு நினைச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவை நான் உதட்டைப் பிதுக்கினதும் அவங்க வயித்துல புளியைக் கரைச்சிருக்கு.

13/
இன்னும் மோசமான விஷயம் சொல்றேன். அந்த ரிசல்ட் முக்கால் மணி நேரத்துக்கு முன்னாடியே வந்தாச்சு. நான் பார்த்தும் ஆச்சு. பிசிவி அப்படியே இருந்துச்சு. பிபி நல்லா இருந்துச்சு. புதுசா ஒண்ணும் இல்லை, அதனால நான் சொல்லல.

"இன்னும் வரலம்மா, வந்ததும் சொல்றேன்"னேன். பொய். உண்மையைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு.

14/
காலையில ஆறரைக்கு அந்தத் தம்பி வந்தார். "சார், டிஸ்சார்ஜ் பண்ணிக் குடுங்க. நாங்க வேற எடத்துக்குக் கொண்டு போயிக்கறோம்."

ராத்திரி முழுக்க சொந்தக்காரங்க வாட்ஸப்ல வைத்தியம் பார்த்திருக்காங்க. இருபதாயிரத்துக்குக் கீழ போனா உயிருக்கே ஆபத்துன்னு ஒருத்தர். ராத்திரியோட ராத்திரியா ஏத்தினாத்தான் தப்பிக்க முடியும்னு இன்னொருத்தர். பப்பாளி இலைச் சாறு கேன்ல வந்திருக்கு. 'டாக்டரே போனைப் பார்த்துப் பார்த்து பயந்துக்கிட்டு இருக்கார்'னு அக்கா சொன்னதும் சேர்ந்துக்கிச்சு. வட்டிக்கு அம்பதாயிரம் வாங்கி, வண்டியும் சொல்லிட்டு வந்து நிக்கறார்.

15/
ஆபத்தான கட்டத்துல இருக்கற ஆளை வண்டியில ஏத்தி ஊரைச் சுத்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா, காரணம் வாட்ஸப்னு எழுதியிருப்பேன். அது பாதி உண்மைதான். சொல்ல வேண்டிய நான் சொல்லாம விட்ட இடத்துலதான் வாட்ஸப் வந்து உக்காந்துச்சு.

16/
ரெண்டு பேரையும் உக்கார வெச்சேன். சார்ட்டை எடுத்துக் காட்டினேன். "இது பிளேட்லெட், இது இறங்கும், அப்புறம் தானா ஏறும். இது பிசிவி, இது ஏறாம இருக்கணும், ஏறல பாருங்க. இது ஒண்ணுக்குப் போன அளவு, நல்லாப் போகுது." இருபது நிமிஷம்.

அப்புறம் ராத்திரி சொன்ன பொய்யையும் சொன்னேன். "ரிசல்ட் அப்பவே வந்துருச்சும்மா. நான் பார்த்துக்கிட்டிருந்தது கிரிக்கெட்."

அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "ஒண்ணும் மாறலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தூங்கியிருப்பனுங்க சார்" அப்படின்னாங்க. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு. வண்டியைத் திருப்பி அனுப்பிட்டாங்க.

17/
அன்னிலேர்ந்து ஒரு பழக்கம். காலையில பதினோரு மணி, சாயங்காலம் ஆறு மணி. ஐசியு வாசல்ல நானோ ஜூனியரோ போய் நின்னு ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லுவோம். புதுசா ஒண்ணும் இல்லைன்னா, "புதுசா ஒண்ணும் இல்லீங்க, நேத்து மாதிரியே இருக்கார்"னு சொல்லுவோம். அதுவும் சேதிதான். நேரம் இதுன்னு தெரிஞ்சுட்டா, நடுவுல கேக்கறது பாதியா குறைஞ்சுருச்சு. தீனி வர்ற நேரம் தெரிஞ்ச புறா சும்மா கொத்தாது.

18/
15ஆம் தேதி சனிக்கிழமை டிரேடை அறிவிச்சாங்க. சஞ்சு சென்னைக்கு, 18 கோடி. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. ஜடேஜாவோட சம்பளம் 18லேர்ந்து 14 கோடி ஆச்சு. நான் வாசல்ல பேசிட்டு ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு வந்து பார்த்தேன். நூத்துக்கணக்கான தடவை தேடின சேதி, ரெண்டு மணி நேரம் தாமதமா தெரிஞ்சுது. ஒண்ணும் குடி முழுகல.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். எனக்கு ஒண்ணுமே தோணல. 'சரி, ஆச்சு'ன்னு இருந்துச்சு.

19/
17ஆம் தேதி அந்தத் தறிக்காரரை வார்டுக்கு மாத்தியாச்சு. பிளேட்லெட் தானா ஏற ஆரம்பிச்சுருச்சு. மச்சானோட போன்ல மஞ்சக் கவர், சிஎஸ்கே சிங்கம். நான்தான் சும்மா இருக்காம, "சஞ்சு வந்தாச்சு, தெரியுமா?"ன்னேன். ஐசியுல நாலஞ்சு நாள் போனே இல்லாம இருந்தவர். "அப்படிங்களா! யாரைக் குடுத்தாங்க?"

"ஜடேஜா."

மனுஷன் அப்படியே சாய்ஞ்சு உக்காந்துட்டார். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிச்சவருங்க சார்" அப்படின்னார். 2023 ஃபைனல். மோகித் சர்மா ஓவர். தோனி ஜடேஜாவைத் தூக்கின அந்த ராத்திரி.

20/
அந்த துக்கம் எனக்கும் வந்திருக்கணும். 2012லேர்ந்து மஞ்சள்ல பார்த்த மனுஷன் (நடுவுல அணி இல்லாத ரெண்டு வருஷம் தவிர). ஆனா மூணு மாசமா வதந்தி வதந்தியா தின்னு, வருத்தத்தையும் சந்தோஷத்தையும் தவணை முறையில தீர்த்துட்டேன். நிஜ சேதி வந்தப்போ கையில ஒண்ணும் மிச்சமில்லை. அந்தச் சேதியை முழுசா அனுபவிச்சது அவர்தான்.

21/
டிசம்பர் 16ஆம் தேதி அபுதாபில மினி ஏலம். அன்னிக்கு ஓபியில போனை மேசை டிராயர்ல போட்டுட்டு, ராத்திரி சாப்பிட்டுட்டுத்தான் எடுத்தேன். பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா, ஆளுக்கு 14.20 கோடி! இந்தியாவுக்கு ஆடாத ரெண்டு பசங்க. வீட்டுல எல்லாரும் எட்டிப் பார்க்கற மாதிரி 'அடேங்கப்பா'ன்னு கத்தினேன். ரொம்ப நாளைக்கப்புறம் கிடைச்ச நிஜமான 'அடேங்கப்பா' அது.

திருந்திட்டேன்னு சொல்ல வரலை. தோனி ஆடுவாரான்னு நேத்துகூட தேடினேன்.

22/
முடிக்கறதுக்கு முன்னாடி, டெங்கு பத்தி அவசியமானது மட்டும்:

காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவுல பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபென் மாதிரி வலி மாத்திரை வேண்டாம். தண்ணி, ஓஆர்எஸ், இளநீர், கஞ்சி நிறைய.

காய்ச்சல் விட்ட ரெண்டு நாள் உஷாரா இருங்க. கடுமையான வயித்துவலி, நிக்காத வாந்தி, ஈறு அல்லது மூக்குல ரத்தம், கறுப்பா மலம், ஒண்ணுக்குக் குறையறது, அசந்து அசந்து போறது, கை கால் சில்லிடறது... இதுல ஒண்ணு இருந்தாலும், பிளேட்லெட் எவ்வளவு இருந்தாலும் சரி, உடனே ஆஸ்பத்திரி.

23/
டாக்டரா இருக்கறவங்களுக்கு: வெளியே பெஞ்சுல ஒருத்தர் உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கார். போனை எடுக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுங்க.

பெஞ்சுல உக்காந்திருக்கறவங்களுக்கு: சேதி எத்தனை மணிக்குச் சொல்லுவீங்கன்னு டாக்டர்கிட்ட தயங்காம கேளுங்க. அது உங்க உரிமை.

மார்ச்ல பார்ப்போம். விசில் போடு.